கோடு போட்டு வெட்டிய ஆறு

கல்லணையிலிருந்து கடைமடை வரை ஒரு நாள் பிரயாணம்

பொழுது விடியும் வேளையில் கல்லணைப் பாலத்தின் மீது நிற்பவருக்கு ஒரே ஆறு நான்காகப் பிரிவது தெரியும். வடக்கே கொள்ளிடம், அடுத்துக் காவிரி, அதற்கடுத்து வெண்ணாறு, எல்லாவற்றுக்கும் தெற்கே கல்லணைக் கால்வாய். முதல் மூன்றும் இயற்கை பெற்ற பிள்ளைகள். நான்காவது மனிதன் பெற்ற பிள்ளை.

சர்க்கார் காகிதங்களில் அதன் பெயர் கல்லணைக் கால்வாய். தஞ்சை ஜனங்களுக்கு அது 'புது ஆறு'. தண்ணீர் விட்டு 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் 'புது' என்ற அடைமொழி போகவில்லை. பேரன் பேத்தி எடுத்த பின்பும் ஒரு மருமகளைப் 'புதுப் பெண்' என்றே கூப்பிடும் வீடுகள் உண்டல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

இந்தப் புது ஆறு இப்போது மறுபடியும் பேச்சுக்கு வந்திருக்கிறது. அதைச் சீரமைத்து, கரைகளுக்குக் கான்கிரீட் போட்டு, தண்ணீர் தங்குதடையின்றி ஓடும்படி செய்யும் வேலைக்கு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு சுமார் 2,640 கோடி ரூபாய். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆற்றின் அடியிலும் கான்கிரீட் போட்டால் வழியிலுள்ள கிணறுகளின் கதி என்ன என்று தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் கேட்டார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களை எடை போட வேண்டுமானால், ஓர் ஆற்றை மனிதன் நேர் செய்தால் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கல்லணையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

வளைவின் கணக்கு

ஓர் ஆறு வளைந்து நெளிந்து போவது சோம்பலால் அல்ல. பத்து மீட்டர் உயரத்தை நூறு கிலோமீட்டர் தூரத்தில் இறங்கும் ஆற்றை, வளைவுகளை வெட்டி ஐம்பது கிலோமீட்டரில் இறங்கும்படி செய்தால், இறக்கம் அதேதான். சரிவு இரண்டு மடங்காகிவிடும். சரிவு கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் ஆறு தன் அடியைத் தானே அரிக்கும். அரித்த மண்ணை வேகம் குறையும் இடத்தில், அதாவது கீழே இருப்பவன் தலையில், கொண்டுபோய்க் கொட்டும். வளைந்த ஆறு தண்ணீரை வழியெல்லாம் நிறுத்திப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. நேர் ஆறு தபால்காரனைப் போல, வாங்கியதை வாங்கியபடி கடைசி வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறது.

இந்தக் கணக்கை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காவிரிக் கரை ஜனங்கள் நேரில் பார்த்து வந்திருக்கிறார்கள். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றிக்கொண்டு வந்து கல்லணை அருகே இரண்டும் மறுபடியும் நெருங்குகின்றன. காவிரியும் அதன் கிளைகளும் மெல்லிய சரிவில் வளைந்து வளைந்து, நூற்றுக்கணக்கான வாய்க்கால்களாகப் பிரிந்து ஊர் ஊராகப் போகின்றன. கொள்ளிடமோ அவ்வளவாக வளைவதில்லை, படுகை பள்ளமானது, சரிவும் அதிகம். ஆகவே தண்ணீருக்குக் கொள்ளிடத்தின் மீதுதான் ஆசை. தடுப்பார் இல்லாவிட்டால் காவிரி நீர் அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சை வயல்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கரிகாலன் கட்டியதாக நாடு போற்றும் கல்லணையின் வேலை இந்த இறக்கத்தைத் தடுப்பதுதான். சுமார் 329 மீட்டர் நீளமுள்ள அந்தப் பழைய அணையே நேர்கோடாக இல்லை. பாம்பு போல் நெளிந்து கிடக்கிறது. வெள்ளத்தை முட்டி நிறுத்துவது அதன் நோக்கம் அல்ல. தண்ணீரை மெல்ல மடக்கிக் காவிரிப் பக்கம் திருப்புவதே நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது. கொள்ளிடம் மேலும் மேலும் தண்ணீரை இழுத்துக்கொண்டது. ஆர்தர் காட்டன் என்ற இளம் என்ஜினீயர் 1836-ல் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்தார். காவிரிக்குத் தண்ணீர் வந்தது. கொஞ்ச காலத்திற்குள் அளவுக்கு மீறியும் வந்தது! காவிரியின் அடி அரிக்கத் தொடங்கியது. அதைக் கட்டுப்படுத்த 1840-களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. ஆற்றில் ஒரு பக்கம் கை வைத்தால் மறு பக்கம் பதில் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்தப் பதில் நம் காலத்திலும் வந்தது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்து, கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போயிற்று. ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. கொள்ளிடத்தில் கரை கொள்ளாமல் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே வாரங்களில், தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களின் கடைமடை விவசாயிகள் தங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று முறையிட்டார்கள். தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியல்ல. அது எந்த வழியில், எந்த வேகத்தில் போகிறது என்பதுதான் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்கிறது.

மேட்டில் ஏறிய காவிரி

கல்லணையை விட்டுப் புது ஆற்றங்கரையோடு பூதலூர் வழியாகத் தஞ்சாவூரை நோக்கிப் போகும்போதே வித்தியாசம் கண்ணில் படும். காவிரிக் கரையில் போகிறவருக்கு அடுத்த வளைவில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது; ஒரு மணல்திட்டு வரும், ஒரு மூங்கில் தோப்பு வரும், ஒரு கோயில் வரும். புது ஆறு நெடுந்தூரம் ஒரே வாக்கில் போகிறது. இரு கரையும் ஒரே உயரம், ஒரே அகலம். திரும்ப வேண்டிய இடத்தில் கணக்குப் போட்டுத் திரும்புகிறது.

ஏன் அப்படி? பழைய ஆறுகள் பள்ளம் பார்த்துக் கிழக்கே போகின்றன. புது ஆறு தெற்கே, மேட்டுப் பூமிக்குப் போக வேண்டும். மேட்டுக்குப் போகும் தண்ணீர் உயரத்தைக் கஞ்சன் காசைச் செலவழிப்பதுபோல் அங்குலம் அங்குலமாகத்தான் செலவழிக்க வேண்டும். அதனால் என்ஜினீயர்கள் ஒரே மட்டமுள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்து, அந்தக் கோட்டின் மேல் ஆற்றை வெட்டினார்கள்.

இதற்கு விதை போட்டது மேட்டூர்த் திட்டம். கர்னல் எல்லிஸ் வகுத்த அத்திட்டம், சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்திற்கும் 1924-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்திற்குப் பிறகே கைகூடியது. 1925-ல் துவங்கிய அணை வேலை முடிந்து, 1934 ஆகஸ்டு 21-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 93.47 டி.எம்.சி. தண்ணீரை 120 அடி உயரத்திற்குத் தேக்கி வைக்கும் அணை அது. மழை பெய்யும்போது வருவது ஆறு என்ற நிலை மாறி, திறக்கும்போது வருவது ஆறு என்ற நிலை வந்தது. அவ்வாறு தேக்கிய தண்ணீரைப் புதிய நிலங்களுக்குக் கொண்டுபோகவே கல்லணைக் கால்வாயும், மன்னார்குடிப் பக்கத்திற்கு வடவாறு விரிவாக்க வாய்க்காலும் வெட்டப்பட்டன.

புது ஆற்றின் நீளம் சுமார் 148 கிலோமீட்டர். பழைய கணக்கில் 92 மைல். தலைப்பில் வினாடிக்கு 4,200 கன அடி தண்ணீர் போகும்படி அமைத்தார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் சுமார் 2.27 லட்சம் ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. கல்யாண ஓடை, ராஜாமடம் வாய்க்கால் போன்ற கிளைகள் அதிலிருந்து பிரிகின்றன. நூற்றுக்கணக்கான ஏரிகளையும் அது நிரப்புகிறது.

ஆனால் மேற்கேயிருந்து கிழக்கே மழை நீர் ஓடும் நாட்டில், வடக்கு தெற்காக ஓர் ஆற்றை வெட்டுவது என்றால், ஓடும் நீருக்குக் குறுக்கே சுவர் வைப்பதுபோலத்தான். அதற்காகக் காட்டாறுகளும் வாரிகளும் புது ஆற்றுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போகும்படி சுரங்க வழிகள் கட்டினார்கள். மேலே ஓர் ஆறு, கீழே ஓர் ஆறு! அந்த வழிகளில் மண்ணும் செடியும் அடைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் தண்ணீர் மேற்குப் பக்கத்து வயல்களில் தேங்கி நிற்கும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் சுமார் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தனை மழைக்கு எந்த வடிகாலும் போதாதுதான். ஆனால் வடிகாலை மறந்துவிட்டு வாய்க்காலை மட்டும் நினைக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த ஒரு நாள் காட்டிற்று.

ஊருக்குள் வந்த விருந்தாளி

உச்சிப்பொழுதில் தஞ்சாவூர். வடவாறு பழைய நாளிலிருந்தே நகரத்தின் வடபுறம் ஓடுகிறது. புது ஆறோ நகரத்தின் ஊடேயே புகுந்து, பெரிய கோயிலுக்கு அருகில் போகிறது. ஆயிரம் ஆண்டு வயதான கோபுரமும் நூறு வயதுகூட ஆகாத ஆறும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஓர் ஆறு ஊருக்குள் வந்தால் ஊர் இரண்டாகிவிடும். நேற்று வரை நாலடி நடந்து போன வயலுக்குப் பாலம் இருக்கும் இடம் வரை நடந்து, மறு கரையில் திரும்பி வர வேண்டும். பாலம் வைத்த இடத்தில் கடை வந்தது. கடை வந்த இடத்தில் பஸ் நின்றது. பஸ் நின்ற இடம் புதிய கடைத்தெருவாயிற்று. ஊரின் மையம் பழைய கோயில் வாசலிலிருந்து பாலத்தடிக்கு நகர்ந்தது. என்ஜினீயர் போட்ட கோடு தண்ணீரோடு மனிதர்களின் நடையையும் திருப்பிவிட்டது.

ஆனாலும் தஞ்சை ஜனங்கள் அந்த ஆற்றை அந்நியமாக நினைக்கவில்லை. படித்துறை கட்டிக்கொண்டார்கள். ஆடி பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிடப் புது ஆற்றங்கரைக்கும் போகிறார்கள். சர்க்கார் வெட்டிய வாய்க்காலைக் காவிரித் தாயாக ஏற்றுக்கொண்டது பெண்களின் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வரகு போய் நெல் வந்தது

தஞ்சாவூரைத் தாண்டித் தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் போகும்போது மண்ணின் நிறம் மாறுகிறது. கருத்த வண்டல் போய்ச் செம்மண் வருகிறது. தஞ்சாவூர் என்றவுடனே நெற்களஞ்சியம் என்று நினைக்கும் வெளியூர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 1934-க்கு முன்பு இந்தப் பிரதேசத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் ஏரி, ஏரி நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் வரகும் கேழ்வரகும் நிலக்கடலையும்தான். கும்பகோணம், மாயவரம் பக்கத்து மிராசுதாரர்கள் காவிரியின் மூத்த பிள்ளைகள் என்றால், பட்டுக்கோட்டைக்காரர்கள் பங்கு கிடைக்காத பிள்ளைகள்.

புது ஆறு அவர்களுக்கும் பங்கு கொடுத்தது. வரகு விளைந்த மேட்டில் சம்பா நாற்று நட்டார்கள். நிலத்தின் விலை ஏறியது. நடவுக்கும் அறுப்புக்கும் வேலை கிடைத்தது. வீட்டில் அரிசிச் சோறு விருந்து நாளுக்கு மட்டும் என்றிருந்தது மாறியது. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்லுகிறவர்கள் பசி தெரியாதவர்கள்.

ஆனால் வாழ்க்கையின் கடிகாரமும் மாறிவிட்டது. முன்பு வானத்தைப் பார்த்தவர்கள் இப்போது மேட்டூரைப் பார்க்கிறார்கள். ஜூன் 12 அணை திறக்கும் நாள் என்பது ஏற்பாடு. தண்ணீர் இருந்தால் அன்று திறக்கும். 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விதை விடுவதும் நகை அடகு வைப்பதும் அந்தத் தேதியைப் பொறுத்தவை. அதற்குப் பிறகு முறை. இந்த வாரம் இந்தக் கிளைக்கு, அடுத்த வாரம் அந்தக் கிளைக்கு என்று தண்ணீர் விடுகிறார்கள். மதகைத் தூக்கி இறக்கும் லஸ்கர் ஊரில் முக்கியமான மனிதராகிவிட்டார். மழையிடம் கெஞ்சிய காலம் போய், மதகிடம் கெஞ்சும் காலம் வந்தது.

ஏரியின் கதையும் மாறியது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாரிகளை ஊர் கூடி வெட்டிச் சீர் செய்வது குடிமராமத்து. ஆற்றுத் தண்ணீரே ஏரிக்கு வந்துவிடும் என்ற தைரியம் பிறந்ததும், வாரியைக் கவனிக்கும் கை தளர்ந்தது என்ற குறையைப் பெரியவர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். ஆறு வராத ஆண்டில்தான் வாரியின் அருமை தெரிகிறது.

தண்ணீரோடு வந்த காய்ச்சல்

பட்டுக்கோட்டைக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. இன்று அந்த ஊரிலேயே பலருக்கு அது மறந்துபோயிருக்கும்.

புது ஆற்றில் தண்ணீர் வந்த சில ஆண்டுகளுக்குள், பட்டுக்கோட்டைத் தாலுகாவின் கிராமங்களில் மலேரியா பரவியது. பழைய காவிரிப் பாசனப் பகுதியில் நெல் வயல்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தும், அங்கே இப்படிப்பட்ட மலேரியா கிடையாது. புதிதாகத் தண்ணீர் கண்ட இடத்தில் மட்டும் ஏன் வந்தது? இதை ஆராய ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த டாக்டர் பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க நிபுணர் 1930-களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டையில் முகாம் போட்டு வேலை செய்தார்.

அவர் கண்டது இதுதான். குற்றம் நெல்லின் மீது இல்லை, தண்ணீரின் மீதும் இல்லை. ஒழுங்கில்லாத பாசனத்தின் மீதுதான். கரை போட மண் எடுத்த குழிகள் மூடப்படாமல் குட்டைகளாக நின்றன. கரையில் கசிந்த நீர் வடிய வழியில்லாமல் தேங்கியது. வாய்க்கால் ஓரங்களில் புல் மண்டிக் கிடந்தது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல வீடு வேண்டுமா? தண்ணீர் கொடுப்பதற்குக் கோடு போட்டவர்கள், தண்ணீர் வடிவதற்குக் கோடு போட மறந்துவிட்டார்கள்.

டி.டி.டி. மருந்து வழக்கத்திற்கு வருமுன்பே, பைரித்ரம் என்ற பூவின் சாற்றை வீடுகளுக்குள் தெளித்துக் கொசுவைக் கொல்லும் முறையை ரஸ்ஸல் குழுவினர் அந்தக் கிராமங்களில் பரீட்சித்துப் பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. மலேரியா ஒழிப்பின் உலக சரித்திரத்தில் பட்டுக்கோட்டைக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தது. கிடைத்த இடம் பெருமைக்குரியதுதான். ஆனால் அதற்கு விலையாகக் காய்ச்சலில் கிடந்தவர்கள், ஆறு வருகிறது என்று மாலை போட்டு வரவேற்ற அதே கிராமத்து ஜனங்கள்.

கடைமடை

மாலை வெயிலில் பேராவூரணியைத் தாண்டினால் தென்னந்தோப்புகள் அடர்ந்து நிற்கின்றன. நெல்லுக்காக வெட்டிய ஆற்றின் வாலில் தென்னை ஏன் இத்தனை? காரணம் சுலபம். முறைத் தண்ணீர் உரிய நாளில் வராவிட்டால் நெல் காத்திருக்காது, தென்னை காத்திருக்கும். ஆள் பற்றாக்குறைக்கும் தென்னை தாங்கும். போர் போட்டு மோட்டார் வைத்தவர்கள் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறினார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கரையேறிய கஜா புயல் அந்தத் தென்னைகளைத் தீக்குச்சிகள் போல் முறித்துப் போட்டது. கடைமடைக்காரன் தண்ணீரை நம்ப முடியாமல் மரத்தை நம்பினான். மரத்தையும் காற்று கொண்டுபோயிற்று.

புது ஆற்றின் கடைசி எல்லை புதுக்கோட்டை ஜில்லாவின் மும்பாலை. காலையில் கல்லணையில் புறப்பட்டவர் மாலைக்குள் காரில் அங்கே போய்விடலாம். தண்ணீருக்கு அதே தூரம் பல நாள் பிரயாணம். வழியில் கசிவு, உடைப்பு, மணல் மேடு, மேல்மடைக்காரரின் கூடுதல் பங்கு எல்லாவற்றையும் கடந்து வருவது சொற்பம். கரை பலவீனம் என்பதால் தலைப்பிலேயே முழு அளவு தண்ணீர் விடத் தயங்கும் நிலையும் பல ஆண்டுகள் இருந்தது. கான்கிரீட் வேண்டும் என்று கடைமடைக்காரர்கள் கேட்பதில் தப்பு என்ன? காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளந்து வைத்துவிட்டது. அளந்து வாங்கும் தண்ணீரை அளந்துதான் செலவழிக்க வேண்டும்.

மேல்மடைக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டும். என்ஜினீயர் கணக்கில் கசிவு என்பது நஷ்டம். விவசாயி கணக்கில் அது நஷ்டம் அல்ல. பூமிக்கடியில் போட்ட சேமிப்பு. 90 ஆண்டுகளாகப் புது ஆறு கசிந்து கசிந்துதான் இரு பக்கத்துக் கிணறுகளையும் ஊற வைத்தது. கோடையில் நாற்று விட உதவுவது அந்த ஊற்று. குடிதண்ணீருக்கும் அதுவே ஆதாரம். ஆற்றின் அடியை அடைத்துவிட்டால், தண்ணீர் ஓடும் நாளில் கரையோரத்தவன் அதை வேடிக்கை பார்க்கலாம். ஓடாத நாளில் அதுவும் இல்லை.

கடலோரத்து நேர்வெட்டுகள்

ஆற்றை நேர் செய்யும் வேலை புது ஆற்றோடு நிற்கவில்லை. கிழக்கே, வெண்ணாற்றின் கிளைகளான அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு ஆகியவை கடலை நெருங்கும் நாகை, வேதாரண்யம் பக்கத்தில் நிலம் தட்டுப்போல் கிடக்கிறது. மழை வெள்ளம் நாள் கணக்கில் வயலில் நிற்கும். நீரைச் சீக்கிரம் வடிய வைக்கக் கடலை நோக்கி நேராக வெட்டிய வடிகால்கள் அங்கே உண்டு. 'ஸ்ட்ரெயிட் கட்' என்ற என்ஜினீயர் வார்த்தை அவற்றுக்கு ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. ஆசிய வளர்ச்சி வங்கி 2016-ல் அனுமதித்த 10 கோடி டாலர் கடனுடன் அந்த ஆறுகளை அகலப்படுத்திக் கரை கட்டும் வேலைகளும் நடந்தன.

ஆனால் நேர்வழி இரண்டு பக்கமும் திறந்த வழி. வெள்ளம் சீக்கிரம் வெளியே போகும். ஆற்றில் நீர் குறைந்த நாளில் கடல் நீர் அதே வழியில் சீக்கிரம் உள்ளே வரும். அதனால்தான் அங்கே கடைமடை இயக்கு அணைகள் அவ்வளவு முக்கியம். பலகை உளுத்துப்போன ஓர் இயக்கு அணை, கதவில்லாத வீடு. உப்பு ஒரு முறை வயலில் ஏறினால் இறங்க எத்தனை மழை வேண்டும் என்பதைச் சம்சாரிகள்தான் சொல்ல வேண்டும்.

பிறநாட்டார் பட்ட பாடு

ஜெர்மனியில் ரைன் நதியைத் துல்லா என்ற என்ஜினீயர் 1817 முதல் நேர் செய்யத் தொடங்கினார். அவர் காலத்திற்குப் பிறகும் வேலை நடந்து, 1876-ல் முடிந்தது. நதியின் மேல்பகுதியில் சுமார் 81 கிலோமீட்டர் நீளம் குறைந்துவிட்டது. சதுப்புகள் வற்றின; மலேரியா ஒழிந்தது; விவசாய நிலம் பெருகியது. பட்டுக்கோட்டையில் ஆறு வந்து காய்ச்சல் வந்தது; அங்கே ஆறு நேராகிக் காய்ச்சல் போயிற்று! ஆனால் வேகம் கொண்ட ரைன் தன் அடியை அரித்துக்கொண்டு இறங்கியது. கரையோர நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. வெள்ளம் கீழேயிருந்த ஊர்களுக்கு முன்னைவிட விரைவாகப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துக் கிஸ்ஸிம்மீ ஆறு 103 மைல் நெளிந்து ஓடியது. வெள்ளத்தைத் தடுக்க 1962 முதல் 1971 வரை அதை 56 மைல் நேர்க் கால்வாயாக வெட்டினார்கள். வெள்ளம் அடங்கியது. ஆனால் கரையோரச் சதுப்பு காய்ந்து, பறவைகளும் மீன்களும் குறைந்தன. முடிவில் 1999-ல் துவங்கி, வெட்டிய கால்வாயின் ஒரு பகுதியை மண் போட்டு மூடி, பழைய வளைவுகளுக்கே தண்ணீரைத் திருப்பினார்கள். 2021-ல்தான் அந்த வேலை முடிந்தது. நேராக்க ஒன்பது ஆண்டு. அதில் பாதியைக்கூட முழுதாக வளைக்காமல் திரும்பப் பெற இருபத்திரண்டு ஆண்டு.

இதனால் புது ஆற்றை மூடிவிட வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அது ஓர் ஆற்றைக் கெடுத்து உண்டாக்கியதல்ல. ஆறே இல்லாத இடத்திற்கு ஆறு கொண்டுவந்தது. ஆனால் ரைனும் கிஸ்ஸிம்மீயும் பட்டுக்கோட்டையும் சொல்லும் புத்திமதி ஒன்றே: தண்ணீரை ஓட வைக்கும் திட்டத்திலேயே, அது நிற்க வேண்டிய இடமும் வடிய வேண்டிய வழியும் சேர்ந்திருக்க வேண்டும்.

இரண்டு அளவுகோல்

ஆகவே கான்கிரீட் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கூச்சல் போடுவதில் லாபமில்லை. கரை உடையும் இடத்திலும், மேட்டில் கரை கட்டி ஓடும் இடத்திலும் கான்கிரீட் அவசியம். ஊற்றை நம்பிய கிராமங்கள் இருக்கும் இடத்தில் அடிமண் மூச்சு விட வழி வைப்பதும் அவசியம். புது ஆறு நிரப்பும் ஏரிகளைத் தூர் வாரி, அவற்றின் பழைய வாரிகளையும் திறந்துவிட்டால், கரையில் அடைத்த கசிவை ஏரியில் ஊற வைத்துத் திரும்பப் பெறலாம். காட்டாறுகள் போகும் சுரங்க வழிகளை மழைக்கு முன் சுத்தம் செய்ய வேண்டும். இவையெல்லாம் கான்கிரீட்டைவிடச் செலவு குறைந்த வேலைகள். திறப்பு விழா இல்லாத வேலைகள் என்பதுதான் அவற்றின் துரதிர்ஷ்டம்.

திட்டம் வெற்றியா தோல்வியா என்பதை எத்தனை கிலோமீட்டர் கான்கிரீட் போட்டார்கள் என்ற கணக்கு சொல்லாது. அதற்கு இரண்டு அளவுகோல் போதும். ஒன்று, மும்பாலையில் எந்தத் தேதியில் எத்தனை கன அடி வந்தது? மற்றொன்று, வழியிலுள்ள ஊர்க் கிணறுகளில் சித்திரை மாதத்தில் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது? இரண்டையும் ஆண்டுதோறும் ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டட்டும். மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே பலகையைப் படித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பொழுது சாயும் நேரம் கல்லணையில் மதகுகளைத் தாண்டும் தண்ணீர், இன்னும் சில நாளில் ஏதோ ஒரு கடைமடை வயலை எட்டும், அல்லது எட்டாமல் போகும். நூறு ஆண்டுக்கு முன் ஓர் என்ஜினீயர் காகிதத்தில் போட்ட கோட்டின் மேல் லட்சக்கணக்கானவர்களின் சோறு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டைத் திருத்தி எழுதப் போகிறவர்கள், பேனாவை எடுக்குமுன் ஒரு நாள் கரையோடு கடைசி வரை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.